முன்னேற்றச் சுவரில் ஒரு வேர்

உலகத்தில் செடி வளர்த்தவர்கள் ஏராளம். வேலியோரத்தில் தானாக விழுந்த விதைகூட யார் அனுமதியும் கேட்காமல் வளர்ந்துவிடுகிறது. ஆனால் வளர்ச்சியையே வளர்த்த பெருமை மனிதகுல வரலாற்றில் ஒரே ஒரு நிறுவனத்துக்குத்தான் உண்டு. அது எங்கள் தாவர வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம். இதை நான் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. தற்பெருமைக்கு எங்களிடம் தனிப் பிரிவு இருக்கிறது. அவர்கள் வேலையில் நான் தலையிடுவதில்லை.

நான் அங்கே 'முன்னேற்றக் கண்காணிப்பு அலுவலர்'. செடிகொடிகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நேர்முகத் தேர்வில் இதை மறைக்காமல் சொன்னேன். இயக்குநர் எழுந்து வந்து கை குலுக்கினார். "பாரபட்சம் இல்லாத ஆள்தான் நமக்கு வேணும்" என்றார். அன்று முதல் அந்தத் தகுதியைக் கட்டிக் காத்து வருகிறேன்.

என் பொறுப்பில் இருப்பது முன்னேற்றச் சுவர். மாடிப்படி முடிகிற இடத்திலிருந்து இயக்குநர் அறைக் கதவு வரை நீளுகிற சுவர் அது. முழுக்கத் தக்கைப் பலகை அடித்திருக்கும். ஒவ்வொரு பிரிவுக்கும் அதில் ஒரு கட்டம். கட்டத்தின் நடுவே குறுக்காக ஒரு கறுப்புக் கோடு; அதற்கு 'மண்மட்டம்' என்று பெயர். ஒரு வெள்ளிக்கிழமை விட்டு ஒரு வெள்ளிக்கிழமை ஒவ்வொரு பிரிவும் தன் செடியை அளந்து ஓர் எண் கொடுக்கும். நான் ஸ்டூல் போட்டு ஏறி, அந்த எண்ணுக்கு உரிய இடத்தில் ஒரு குண்டூசியைக் குத்தி, பழைய ஊசியிலிருந்து புது ஊசிக்கு நீல நூலை இழுத்துக் கட்டுவேன். நூல் மேலே போனால் அந்தப் பிரிவுக்குப் பச்சை நாடா. கீழே போனால் சிவப்பு நாடா. தொடர்ந்து மூன்று சிவப்பு விழுந்தால் பிரிவையே மூடிவிடுவோம். அதன் அறை, எல்லாரையும்விட உயரத்தில் நூல் வைத்திருக்கிற பிரிவுக்குப் போய்ச் சேரும்.

"ஏன் சார், இதையெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டுடலாமே?" என்று புதிதாக வந்த ஒருவர் கேட்டார்.

"கம்ப்யூட்டர்ல போட்டா யார் வேணும்னாலும் அழிச்சுடலாம். ஊசி குத்தினா குத்தினதுதான்" என்றார் இயக்குநர். அந்த ஆளை அதற்குப் பிறகு நான் அதிகம் பார்க்கவில்லை.

சுவரில் எல்லாரையும்விட உயரத்தில் பறந்தது தண்டுப் பிரிவின் நூல். அந்தப் பிரிவின் தலைவரை நாங்கள் தண்டுக்காரர் என்போம். நல்ல மனிதர், பணிவானவர். அவர் நூல் கட்டத்தைத் தாண்டி, சுவரைத் தாண்டி, கூரையிலும் கொஞ்ச தூரம் போயிருந்தது. கூரையில் ஊசி குத்த நான் மேஜைமேல் ஸ்டூல் போட்டு ஏற வேண்டியிருந்தது. ரகசியம் என்னவென்று கேட்டால் அவர் ஒளிக்காமல் சொல்லிவிடுவார். செடியை வெளிச்சம் புகாத பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். அது வெளிச்சம் எங்கே எங்கே என்று தேடிக்கொண்டு ஒல்லியாக, வெளுப்பாக, மளமளவென்று நீளும். இலை என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. வெளியே எடுத்தால் நிற்காது, படுக்கவைத்துத்தான் அளப்பார்.

"வெளுத்துப் போயிருக்கே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சுவர்ல நிறத்துக்கு ஊசி கிடையாதே சார்" என்றார்.

இத்தனை சிறப்பு வாய்ந்த நிறுவனத்துக்கு என் மச்சினி வந்து சேர்ந்தாள்.

என் மனைவிக்கு ஒரே தங்கை. வயது நாற்பதை எட்டிப் பார்க்கிறது. வீட்டில் இன்னும் 'பாப்பா'தான். அலுவலகத்தில் அவள் போஸ்ட்டாக். அதாவது, முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர். இந்தப் பதவியின் மேன்மை பலருக்குப் புரிவதில்லை. படிப்பு முடிந்துவிட்டது, வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதர் எத்தனை வருடம் தாக்குப்பிடிக்கிறார் என்று பார்க்கிற உயர்தரமான ஏற்பாடு இது. பாப்பாவுக்கு இது மூன்றாவது போஸ்ட்டாக். முதல் இரண்டு ஊர்களிலும் வாடகை வீட்டுக்குத் திரைச்சீலை வாங்கி, அதை மாட்டுவதற்குள் காலம் முடிந்துவிட்டதாம். இந்த முறை புத்தியாகத் திரைச்சீலை வாங்காமல் நேராக எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். வீட்டில் என்னை 'அத்தான்' என்பாள், அலுவலகத்தில் 'சார்' என்பாள். நான் அவளை வீட்டில் பாப்பா என்றும் அலுவலகத்தில் மேடம் என்றும் அழைப்பேன். இரண்டுக்கும் அவள் ஒரே மாதிரிதான் திரும்பிப் பார்ப்பாள்.

அவள் ஆராய்ச்சி வேர் பற்றியது. அதுவரை எங்கள் நிறுவனத்தில் வேருக்கென்று ஆளே கிடையாது. இடுப்பு உயரத்துக்கு ஒல்லியான கண்ணாடிப் பெட்டிகள். இரண்டு கண்ணாடிக்கு நடுவே மண். மண்ணில் ஒரு விதை. வேர் இறங்குவதைக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். வேருக்கு வெளிச்சம் ஆகாது என்பதால் ஒவ்வொரு பெட்டிக்கும் கறுப்புத் துணியில் உறை. உறைகளைத் தைத்தவள் என் மனைவி. அவள் தையற்காரி. என் சுவருக்கு நூலும் அவள் தையல் மெஷின் இழுப்பறையிலிருந்துதான் போகிறது. ஆக, எங்கள் குடும்பமே ஆராய்ச்சிக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

பெட்டியில் மேல்மண் முழுக்க வறண்டு கிடக்கும். அடியில் மட்டும் ஒரு கை அகலத்துக்கு ஈர மணல். பாப்பா கண்டுபிடித்திருந்த விதை ஒன்றின் வேர், மேலே அங்குமிங்கும் அலையாமல் நேரே இறங்கும் குணம் கொண்டதாம். அது காய்ந்த மண்ணைத் துளைத்துக்கொண்டு போய் அடி ஈரத்தைத் தொட்டுவிட்டால், மழையில்லாத இடத்திலும் செடி பிழைக்கும் என்று நிரூபணம் ஆகிவிடும். ஆகிவிட்டால் அவளுக்கு நிரந்தர வேலை. ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெளி நிபுணர் ஒருவர் தம் கண்ணால் பார்த்து எழுத வேண்டும், அவ்வளவுதான்.

"நிரந்தரம் ஆனதும் முதல் வேலையா திரைச்சீலை வாங்கணும் அத்தான்" என்பாள். அந்த ஆசையைச் சொல்லும்போது அவள் முகம் நிஜமாகவே பாப்பா முகமாகிவிடும்.

முதல் வெள்ளிக்கிழமை அவள் எண் கொடுத்தாள். மண்மட்டத்துக்குக் கீழே இரண்டு சாண். நான் ஸ்டூலிலிருந்து இறங்கி, குனிந்து, கறுப்புக் கோட்டுக்குக் கீழே ஊசியைக் குத்தி நூலை இழுத்தேன். நூல் கீழே போயிற்று. விதி விதிதான். மச்சினி என்று பாராமல் சிவப்பு நாடாவை ஒட்டினேன். பாரபட்சமில்லாதவன் என்று பெயர் எடுப்பது சும்மா இல்லை.

அடுத்த முறை வேர் இன்னும் இறங்கியது. இரண்டாவது சிவப்பு. கூட்டம் கூட்டினார்கள்.

இயக்குநர் சுவருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வேர்க் கட்டத்தைக் கவலையோடு பார்த்தார்.

"மேடம், இது ஏன் கீழ போகுது?"

"வேருங்கறதால சார்."

"இது காரணமா, சாக்கா?"

"வேர் கீழதான் சார் போகும்."

"எல்லாரும் இப்படித்தான் ஆரம்பத்துல சொல்றாங்க. தண்டுப் பிரிவைப் பாருங்க. அதே விதை, அதே மண்ணு. அவர் செடியால முடியுது, உங்க செடியால ஏன் முடியலை?"

"அவர் தண்டை அளக்கறார் சார்."

தண்டுக்காரர் அடக்கமாகத் தொண்டையைச் செருமினார். "நான் செடிகிட்ட நிறைய எதிர்பார்க்கறேன் சார். அதுக்கு அது தெரியுது."

பாப்பா பொறுமையாக விளக்கினாள். "கீழ போனாத்தான் சார் தண்ணி கிடைக்கும்."

"தண்ணிதான் பிரச்சினையா? இதை முன்னாடியே சொல்லக்கூடாதா? மேலயே ஊத்துங்க."

"மேல ஊத்தாமப் பிழைக்குமான்னு பார்க்கறதுதான் சார் ஆராய்ச்சி."

"ஊத்தாம இருக்கறதா ஆராய்ச்சி? எங்க வீட்டுத் தோட்டக்காரர் அதைப் பல வருஷமாப் பண்றார். அவருக்கு யாரும் முனைவர் பட்டம் தரலையே."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், நிறுவனத்தில் சிரிப்புக்கு மட்டும் விதிவிலக்கு கிடையாது. பாப்பா என்னைப் பார்த்தாள். நான் நூற்கண்டைப் பார்த்தேன்.

"சார், ஒரு வழி இருக்கு" என்றாள் அவள். "சுவர்ல ஆழம்னு போடாம நீளம்னு போடலாம். அதே எண்தான். கோடு மேல போயிடும்."

அறை சில்லிட்டுப் போயிற்று. இயக்குநர் மெல்ல எழுந்தார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை, அன்று வந்தது. "என் நிறுவனத்துல உட்கார்ந்துகிட்டு எண்ணைத் திருப்பிப் போடச் சொல்றீங்களா மேடம்? எண்ணை மாத்தறது மோசடி. நாம நேர்மையானவங்க. எண்ணைத் தொட மாட்டோம். செடியைத்தான் மாத்துவோம்."

இந்த வாக்கியத்தை நான் உடனே குறித்துக்கொண்டு, பிறகு சட்டம் போட்டு சுவருக்குப் பக்கத்தில் மாட்டினேன். விஞ்ஞானத்தின் மனசாட்சி என்று ஒன்று இருந்தால், அது இந்தச் சட்டத்துக்குள்தான் இருக்கிறது.

"செடியை எப்படி சார் மாத்தறது?"

"பெட்டியைத் திருப்பி வைங்க. கீழ இருக்கறது மேல வந்துடும்."

"தலைகீழா நிக்க வச்சாலும் வேர் மேல போகாது சார்."

"வச்சுப் பார்த்தீங்களா?"

"இல்லை சார்."

"பார்க்காமலே முடிவு சொல்றதுக்குப் பேர் ஆராய்ச்சியா?" என்றார் இயக்குநர். கூட்டம் இனிதே முடிந்தது.

'தலைகீழ்த் தாங்கி' என்ற கருவியை வடிவமைக்கும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டது. இரும்புக் கம்பியில் சட்டம் பற்றவைத்து, பெட்டி வாய்க்கு வலை கட்டி, மண் கொட்டாமல் செடி தொங்குகிற மாதிரி செய்தேன். மண் கொஞ்சம் கொட்டத்தான் செய்தது. கீழே நடப்பவர்களுக்குக் குடை வழங்கினோம். வேர்ப் பிரிவில் வரிசையாகச் செடிகள் சிரசாசனத்தில் தொங்கிய காட்சியைப் பார்த்து இயக்குநர் கண் கலங்கினார்.

நாலைந்து நாளில் செடிகள் தங்கள் சுயரூபத்தைக் காட்டின. தொங்கிய தண்டுகள் வளைந்து மேல்நோக்கித் திரும்பின. மேலே இருந்த வேர்நுனிகள் வளைந்து கீழ்நோக்கித் திரும்பின.

"பார்த்தீங்களா குணத்தை?" என்றார் இயக்குநர் வருத்தத்தோடு. "தண்டைத் தலைகீழா வச்சாலும் மேல வருது. வேரைத் தூக்கி மேல வச்சாலும் கீழ போகுது. வளர்ப்பு சரியில்லை மேடம்."

இனி ஒரே ஒரு அளவுதான் பாக்கி. அது திங்கட்கிழமை, வெளி நிபுணர் முன்னிலையில். அதுவும் சிவப்பென்றால் பிரிவு மூடப்படும், அறை தண்டுக்காரருக்கு. அவர் ஏற்கெனவே ஓர் அளவு நாடாவோடு வந்து, தம் பீரோக்கள் எத்தனை அந்த அறையில் பிடிக்கும் என்று அளந்துவிட்டுப் போயிருந்தார்.

வீட்டில் நிலைமை சுமுகமாக இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் தட்டு மேஜையில் வந்து விழுகிற சத்தமே ஒரு மாதிரி இருந்தது.

"என்னங்க, நீங்க ஆபீஸ்ல என்னதான் பண்றீங்க?" என்றாள் மனைவி.

"முன்னேற்றத்தைக் கண்காணிக்கறேன்."

"சுவத்துல நூல் கட்டறீங்க. அதுவும் என் நூலு. என் நூலை எடுத்துட்டுப் போய் என் தங்கச்சி கழுத்துக்கே சுருக்கு போடறீங்களா?"

"நான் என்னம்மா பண்றது? வேர் கீழ போகுது."

"போகட்டுமே. உங்களுக்கு என்ன வலிக்குது?"

சாதாரணமாகப் பாப்பா இந்த மாதிரி நேரத்தில் ஏதாவது குத்தலாகச் சொல்லி அக்காவைச் சிரிக்கவைத்துவிடுவாள். அன்று சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அக்காவும் தங்கையும் ஏதோ கூடிக் கூடிப் பேசிக்கொண்டதைக் கவனித்தேன். என்னைக் கண்டதும் பேச்சு நின்றுவிடும். பெண்கள் விஷயம் என்று விட்டுவிட்டேன்.

எனக்குப் பாப்பாமேல் உயிர். இதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பிறகு இதைப் பலர் நம்ப மறுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சகோதரிகள் இருவரும் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிப் போனார்கள். நான் தலைவலி என்று சொல்லி வீட்டில் தங்கிவிட்டேன். மறுநாளைக்குப் போட வேண்டிய கோட்டு எங்கே என்று தேடிக்கொண்டு பாப்பாவின் அறைக்குள் போனேன். பீரோவுக்குப் பின்னால் கறுப்பாக ஏதோ தெரிந்தது. கோட்டு என்று நினைத்து இழுத்தேன். கண்ணாடிப் பெட்டி.

உறையைத் தூக்கிப் பார்த்தேன். எல்லாம் விளங்கிவிட்டது. பெட்டிகளைத் திருப்பச் சொல்லி உத்தரவு வந்த அன்றே, இருப்பதில் சிறந்த பெட்டியை மட்டும் இவள் வீட்டுக்குக் கடத்திக்கொண்டு வந்துவிட்டாள். அந்த வேரை நான் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று, நூல் பிடித்த மாதிரி நேராக இறங்கியிருந்தது. நுனிக்கும் ஈர மணலுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளிதான் இருந்தது.

ஐயோ பாவம், இவ்வளவு கீழே போய்விட்டதே. நாளைக்கு இதைக் கொண்டுபோய்ச் சுவருக்கு முன்னால் வைக்கப் போகிறாள். இந்த ஆழத்துக்கு ஊசி குத்தினால் நூல் கட்டத்தைத் தாண்டித் தரையைத் தொடும். இதைவிடச் சிவப்பான சிவப்பு எங்கள் நிறுவனத்தில் விழுந்ததே கிடையாது. அவள் வேலை போகும். வேலை போனால் திரைச்சீலை போகும். அவள் அக்கா என்னை வீட்டில் குடியிருக்க விடமாட்டாள்.

நான் யோசித்துக்கொண்டு நிற்கிற ஆள் இல்லை. பெட்டி வாய்க்கு ஒரு பழைய துணியை இறுக்கிக் கட்டினேன். செடி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி பார்த்துக்கொண்டேன். இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டு, பெட்டியைப் பத்திரமாகத் தலைகீழாகத் திருப்பி அவற்றின்மேல் நிறுத்தி, உறையைப் போட்டு மூடினேன். ஒரு பகல் முழுக்கக் காவல் இருந்தேன். சாப்பிடக்கூடப் போகவில்லை. மாலையில் அவர்கள் வருவதற்குள் நேராக்கி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். திங்கட்கிழமை அவளுக்கு ஓர் இன்ப அதிர்ச்சி காத்திருக்கட்டும் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை.

"தலைவலி போச்சா?" என்றாள் மனைவி.

"போயே போச்சு" என்றேன்.

திங்கட்கிழமை வெளி நிபுணர் வந்தார். வயதானவர். உலகத்தில் உள்ள வேர்களையெல்லாம் பார்த்தவர் என்று பேர். அவருக்கு பிஸ்கட் தட்டு வைக்கப்பட்டது. முதலில் தண்டுக்காரர் தம் செடியைக் கொண்டுவந்தார். நான்கு பேர் நீளவாக்கில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். நிபுணர் அதை ஒரு விரலால் தொட்டார். அது அப்படியே மடிந்து மேஜையில் படுத்துக்கொண்டது.

"ஓய்வு எடுக்குது சார்" என்றார் தண்டுக்காரர்.

பிறகு பாப்பா தன் பெட்டியோடு வந்தாள். எனக்குத் தெரிந்து அவள் அன்றுதான் முதல்முறையாகப் புதுப் புடவை கட்டி அலுவலகம் வந்தாள். அவள் அக்கா எங்கள் கல்யாண நாளுக்கு எடுத்துவைத்திருந்த புடவை அது.

"சார், இது காய்ஞ்ச மண்ணு. ரெண்டு மாசமா மேல ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தலை" என்றாள். "இந்த வேர் அடி ஈரத்தைத் தேடி நேரா இறங்கியிருக்கு. இன்னைக்கு அது ஈரத்தைத் தொட்டிருக்கும். பாருங்க."

உறையை எடுத்தாள்.

வேர் நேராக இறங்கி வந்து, ஈரத்துக்கு இரண்டு விரல் மேலே நின்று, வளைந்து, கொக்கி மாதிரி மேலே ஏறி, அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி கீழே பார்க்கத் தொடங்கியிருந்தது.

பாப்பா கண்ணாடிமேல் விரலை வைத்து அந்த வளைவைத் தடவிப் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"யாரு இதைத் திருப்பினது?" என்றார் நிபுணர்.

"நான்தான் சார்" என்று கையைத் தூக்கினேன். இந்த நேரத்தில் அடக்கம் கூடாது.

"எப்போ?"

"நேத்து. ஒரு பகல் முழுக்க. மேடத்துக்குக்கூடத் தெரியாது."

நிபுணர் கையிலிருந்த பிஸ்கட்டைத் தட்டில் வைத்தார். "நேத்து ஒரு நாள் சும்மா விட்டிருந்தா இது தொட்டிருக்கும்."

"நாளைக்குத் தொட்டுடும் சார்" என்றாள் பாப்பா. "மறுபடி கீழ திரும்பிடுச்சு, பாருங்க. நாளைக்கு, இல்லைன்னா நாளான்னைக்கு. ஒரு தடவை வந்து பார்த்தீங்கன்னா போதும்."

"நாளைக்கு நான் வேற நிறுவனத்துல இருப்பேனேம்மா. இங்க அடுத்த வருஷம்தான். கண்ணால பார்த்ததைத்தான் நான் எழுதறது. இது தொட்டிருந்தா நிரந்தரம்னு இப்பவே எழுதிட்டுப் போயிருப்பேன்."

ஆனால் இந்தச் சிறு பேச்செல்லாம் இயக்குநரின் காதில் விழவே இல்லை. அவர் பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டிருந்தார். "மேல ஏறியிருக்கு" என்றார். "வேர் மேல ஏறியிருக்கு. அளங்க."

அளந்தேன். வேர்நுனி, ஞாயிற்றுக்கிழமை இருந்த இடத்தைவிட அரை விரல் உயரத்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இடத்துக்கு ஓர் ஊசி, இப்போதைய இடத்துக்கு ஓர் ஊசி என்று குத்தி நூலை இழுத்தேன். நூல் மேலே போயிற்று. மண்மட்டத்துக்கு வெகு கீழேதான், ஆனாலும் மேலே. வேர்க் கட்டத்தின் முதல் பச்சை நாடாவை என் கையாலேயே ஒட்டினேன். எல்லாரும் கை தட்டினார்கள். தண்டுக்காரர்கூடத் தட்டினார், கொஞ்சம் மெதுவாக.

இயக்குநர் அங்கேயே அறிவித்தார். "மேடத்துக்கு இன்னும் ஒரு வருஷம் போஸ்ட்டாக். தலைப்பு, 'மேல்நோக்கு வேர்'."

"வேண்டாம் சார்" என்றாள் பாப்பா.

"என்னது?"

"வேண்டாம். நான் போறேன்." அவள் உறையைப் பெட்டிக்குப் போட்டு, கீழ்ப்பக்கம் கீழேயே இருக்கிற மாதிரி இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டாள். என்னைத் தாண்டிப் போகும்போது நின்றாள். "உனக்காகத்தான் பாப்பா பண்ணினேன்" என்றேன் மெதுவாக.

"தெரியும் அத்தான்" என்றாள். "அதான் திட்டக்கூட முடியலை."

அவள் திட்டியிருக்கலாம். எனக்கு அதுதான் இன்றைக்கும் குறை.

பிறகு நடந்தவை எல்லாம் நல்லவையே. ஆய்வாளர் இல்லாததால் வேர்ப் பிரிவு மூடப்பட்டு, அறை தண்டுக்காரருக்குப் போயிற்று. பீரோக்கள் கச்சிதமாகப் பொருந்தின. வேரையே மேலே ஏற்றியவன் என்று எனக்குப் பதவி உயர்வு கிடைத்து, மேல்மாடியில் அறை தந்தார்கள். சுவரில் இப்போது ஒரு நூல்கூடக் கீழே இறங்குவதில்லை. பாப்பா ஒரு நாற்றுப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தாள். நிரந்தர வேலை. பெரிய ஆராய்ச்சியை விட்டுவிட்டு இப்படிக் கீழே இறங்கிவிட்டாளே என்று எனக்கு வருத்தம்தான். திரைச்சீலை வாங்கிவிட்டாளாம். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்வதில்லை. மனைவி போனில் பேசும்போது காதில் விழுவதுதான்.

ஒருநாள் அவள் போனை வைத்துவிட்டுத் தானாகவே சொன்னாள். "அந்த வேர் அடி ஈரத்தைத் தொட்டுடுச்சாம். செடி ஆளுயரம் நிக்குதாம். இப்ப அந்த விதையைப் பண்ணையில வரிசை வரிசையாப் போட்டிருக்காளாம்."

"எவ்வளவு ஆழம்னு அளந்தாளா?" என்றேன் ஆர்வத்தோடு.

"அளந்தாளான்னு இன்னொரு தடவை கேட்டீங்கன்னா நீங்க வெளியிலதான் படுக்கணும்" என்றாள். தையல் மெஷின் இழுப்பறைக்கு இப்போது பூட்டு போட்டிருக்கிறாள்.

இதனால் அலுவலகத்தில் நூலுக்குக் கொஞ்சம் தட்டுப்பாடு. போன வாரம் ஒரு பெரிய குழு எங்கள் வளர்ச்சியைப் பார்வையிட வந்தது. தண்டுக்காரரின் செடியைக் கூடத்தில் நிறுத்திக் காட்ட வேண்டும் என்றார் இயக்குநர். அதுவோ நிற்கிற ஜாதி இல்லை. நான் ஒரு நீளக் குச்சியை நட்டு, மூடப்பட்ட வேர்க் கட்டத்திலிருந்து நூலை அவிழ்த்துக்கொண்டு வந்து, அடியிலிருந்து நுனி வரை சுற்றிச் சுற்றிக் கட்டி நிமிர்த்திவிட்டேன். கூரையை முட்டிக்கொண்டு கம்பீரமாக நின்றது. வந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். இயக்குநர் பெருமையோடு என் தோளில் கை வைத்துக்கொண்டார்.

குழுவில் ஓர் அம்மாள் மட்டும் குனிந்து தொட்டியைப் பார்த்தார். "இவ்வளவு உயரம் நிக்குதே. வேர் எவ்வளவு ஆழம் போயிருக்கு?"

இயக்குநர் என்னைப் பார்த்தார். பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

"அந்தப் பிரிவை மூடிட்டோங்க" என்றேன். "இப்ப எங்ககிட்ட நூல்தான் இருக்கு."